கல்லாப்பெட்டி: பதினோரு மணிக்குக் கடைக்குப் போங்கள்

மசாலாப் பொடி தயாரித்து மதுரை சுற்றுவட்டார மளிகைக் கடைகளில் விற்றவர், சிறுதொழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கும் பகுதி.

கேள்வி: வீட்டிலேயே சத்து மாவும் இட்லிப் பொடியும் தயாரிக்கிறேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால் வறுப்பது, அரைப்பது, சலிப்பது, பாக்கெட் போடுவது என்று இரவு வரை ஓய்வே இல்லை. மீதி நேரம் ஜிஎஸ்டி, லேபிள், வாட்ஸ்அப் என்று போய்விடுகிறது. சத்து மாவு வாரம் 40 கிலோவைத் தாண்டவில்லை. கால் கிலோ பாக்கெட்டுக்குச் செலவு போக 15 ரூபாய் நிற்கிறது. நான்கு லட்சம் கடன் வாங்கி பாக்கெட் போடும் இயந்திரம் போட்டுவிட்டால் நான் விற்பனையைக் கவனிக்கலாம் என்கிறார் கணவர். வாங்கலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. 40 கிலோ என்றால் 160 பாக்கெட். வாரம் 2,400 ரூபாய், நான்கு வாரத்துக்கு 9,600 ரூபாய் உங்கள் கையில் நிற்கிறது. நான்கு லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 8,700 ரூபாய். சத்து மாவில் வரும் லாபம் ஏறக்குறைய முழுவதும் வங்கிக்குப் போகும். இயந்திரமோ வாரத்தில் பெரும்பாலான நாட்கள் துணி போர்த்திக்கொண்டு சும்மா நிற்கும். உங்கள் கணவருக்கு நல்ல மனது. ஆனால் கணக்கு இடிக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. வறுத்தது வருகிறது, சலித்தது வருகிறது, லேபிள் வருகிறது. ஒரு கடைக்காரர்கூட வரவில்லை. எந்தக் கடையில் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, யார் வாங்கிக் குடிக்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. ஓய்வில்லாமல் உழைக்கிறீர்கள், மறுக்கவில்லை. அந்த உழைப்பில் விற்பனைக்கு என்று ஒரு மணி நேரம்கூட ஒதுங்கவில்லை. வேலை முடிந்த பிறகு விற்கப் போகலாம் என்று இருந்தால் வீட்டுத் தொழிலில் வேலை எந்த நாளும் முடியாது.

வறுப்பதை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பக்குவம் அங்கேதான் இருக்கிறது. சலிக்கவும் பாக்கெட் போடவும் பக்கத்து வீட்டுப் பெண் யாரையாவது வாரம் மூன்று அரைநாள் கூலிக்கு வையுங்கள். எப்படிக் கணக்குப் போட்டாலும் அது இயந்திரத் தவணையைவிடக் குறைவு. அந்த அரைநாட்களில் நீங்கள் கடைகளுக்குப் போங்கள். வேறு யாரையும் அனுப்பாதீர்கள். சரக்கைப் பற்றிக் கடைக்காரர் சொல்லும் குறை, முதலாளியின் காதில் நேராக விழ வேண்டும்.

நேரம் முக்கியம். காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை மளிகைக் கடைப் பக்கம் போகவே கூடாது. பால், தோசை மாவு, பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு பிஸ்கட் என்று கூட்டம் நிற்கும். பதினோரு மணிக்குக் கடைக்காரர் ஒரு டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு நாளிதழைப் புரட்டிக்கொண்டிருப்பார். அப்போது போனால் பேசுவார். நுழைந்ததும், ‘ஆர்டர் இருக்கிறதா அண்ணாச்சி?’ என்று கேட்காதீர்கள். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று அனுப்பிவைக்க அதைவிட வசதியான கேள்வி கிடையாது. நேராக உங்கள் சரக்கு இருக்கும் தட்டுக்குப் போங்கள். அது பெரும்பாலும் ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும். பையில் ஒரு துணி வைத்திருங்கள். தட்டைத் துடைத்து, பழைய தேதியை முன்னாலும் புதியதைப் பின்னாலும் அடுக்குங்கள். மூலை பிரிந்ததையும் தேதி நெருங்கியதையும் கேட்காமலே எடுத்துக்கொண்டு மாற்றுப் பாக்கெட் வையுங்கள். பிறகு கல்லாவுக்கு வந்து, ‘மூன்று இருக்கிறது, ஆறு போடட்டுமா?’ என்று எண்ணிக்கையோடு கேளுங்கள். ‘ஆறு வேண்டாம், நாலு போடு’ என்பார். நாலு போதும்.

வெளியே வந்ததும் நோட்டில் எழுதுங்கள். கடைக்கு ஒரு பக்கம்: தேதி, இருந்த சரக்கு, போட்ட சரக்கு, வாங்கிய பணம், பாக்கி. கீழே கடைக்காரர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். ‘சுக்கு வாடை தூக்கல் என்கிறார்கள்’, ‘அரைக் கிலோ இருக்கிறதா என்று கேட்கிறார்கள்’ என்று நாலைந்து கடைகளில் ஒரே பேச்சு வந்தால், அடுத்து என்ன தயாரிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்று, சத்து மாவைப் பாக்கெட்டில் காட்டி விற்பது கஷ்டம். பார்க்க எல்லா மாவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடலூரில் 1983-இல் 15,000 ரூபாயோடு தொழில் தொடங்கிய சி.கே.ரங்கநாதன் சிக் ஷாம்பூவைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனபோது, ஊர்ச் சிறுவன் ஒருவனை உட்காரவைத்து, எல்லோரும் பார்க்க அவன் தலையிலேயே போட்டு, அலசிக் காட்டினார்கள். நீங்கள் சனிக்கிழமை மாலை, நன்றாக ஓடும் ஒரு கடை வாசலில் அண்ணாச்சியின் அனுமதியோடு ஒரு தூக்குவாளி கஞ்சி வையுங்கள். பிள்ளையோடு வருகிற தாய்க்கு ஒரு சின்ன டம்ளர். பிள்ளை இன்னொரு டம்ளர் கேட்டால் அந்த வீட்டுக்கு ஒரு பாக்கெட் போய்விட்டது.

ஜிஎஸ்டி விஷயம். நீங்கள் சொன்ன அளவை வைத்துப் பார்த்தால் ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்கு வெகு கீழே. மாநிலத்துக்குள் மட்டும் சரக்கு விற்கும் தொழிலுக்கு அந்த அளவு வரை பதிவு கட்டாயம் இல்லை. ஏற்கெனவே பதிவு செய்துவிட்டீர்கள் என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் முறைக்கு மாற முடியுமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். ஆண்டு விற்பனை ஐந்து கோடி வரை அதற்கு இடம் உண்டு. லேபிளில் எடை, விலை, தயாரித்த தேதி, உணவு உரிம எண், முகவரி என்று சட்டம் கேட்கும் விவரங்கள் எல்லாம் முறையாக இருந்தால் சரி. பூப்போட்ட ஓரம் வைப்பதா, வேண்டாமா என்பதை அடுத்த ஆண்டு யோசித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஊறுகாய்த் தொழில் தொடங்கப் போகிறேன். எண் கணிதப்படி ராசியான பெயர் ஒன்று சொல்லுங்கள்.
– வாசகர், தேனி

பதில்: முதலில் உங்கள் தெருவில் ஐம்பது பாட்டில் விற்றுவிட்டு எழுதுங்கள். அதற்குள் வாங்கியவர்களே ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.

கேள்வி: ஓசூரில் இரண்டு லேத் வைத்து உதிரி பாகம் செய்துகொடுக்கிறேன். முக்கால்வாசி வேலை ஒரே கம்பெனிக்கு. பணம் நான்கு மாதம் கழித்துத்தான் வருகிறது. அவர்களுக்கு போன் போடுவதிலேயே பொழுது போகிறது. புதிய ஆர்டர் தேட நேரமில்லை.
– வாசகர், ஓசூர்

பதில்: சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது தம்பி. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டுவட்டியாக. 2024 ஏப்ரல் முதல் இன்னொரு பிடியும் சேர்ந்திருக்கிறது: குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையைத் தந்து முடிக்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இதற்கெல்லாம் உத்யம் என்கிற அரசின் சிறுதொழில் பதிவு வேண்டும், அது இலவசம். ‘செய்து தருகிறேன்’ என்று பணம் கேட்கும் தரகரைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அரசின் இணையதளத்தில் புகார் தரலாம். ஆனால் முக்கால்வாசி வேலை தருகிறவர் மேல் புகார் போட்டுவிட்டு அடுத்த மாதம் யாருக்கு லேத் ஓட்டுவீர்கள்? அதனால் முதலில் மெதுவான வழி. இனிமேல் பில்லில் உத்யம் எண்ணையும், பணம் வர வேண்டிய தேதியையும் அச்சிடுங்கள். கொள்முதல் பிரிவுக்கு போன் போடுவதை நிறுத்திவிட்டு, கணக்குப் பிரிவில் உங்கள் பில்லுக்குப் பணம் போடுகிறவரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், அவரிடம் மட்டும் பேசுங்கள். மார்ச் முடிவதற்கு முன் வரிக் கணக்கைப் பற்றி ஒரு கடிதம் பணிவாகப் போகட்டும். மற்ற நாட்களில் பாக்கியை மறந்துவிடுங்கள்.

உண்மையான மருந்து இரண்டாவது, மூன்றாவது வாடிக்கையாளர். ஓசூரில் இருந்துகொண்டு ஆர்டருக்கு வழியில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். சிப்காட் தொழிற்பேட்டை உங்கள் வாசலில்; கர்நாடக எல்லை தாண்டினால் பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகள். நீங்கள் செய்த பாகங்களில் நல்லதாக நாலைந்து எடுத்து, ஒவ்வொன்றின் அளவையும் எழுதிக் கட்டி, பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். விசிட்டிங் கார்டு மேசை டிராயருக்குள் போய்விடும். நன்றாகக் கடைந்த புஷ்ஷை எடுத்து விரலால் தடவிப் பார்க்காத இன்ஜினியர் இருக்க மாட்டார்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் சேலை விற்கிறேன். வீடியோவுக்கு ஆயிரக்கணக்கில் விருப்பம் விழுகிறது. ஆர்டர் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான்.
– வாசகி, கோவை

பதில்: உங்கள் பக்கத்தைப் பார்த்தேன். ‘விலை என்ன?’ என்று கேட்பவர்களுக்கெல்லாம் ‘இன்பாக்ஸ் பாருங்கள்’ என்று பதில் போட்டிருக்கிறீர்கள். விலையைச் சொல்ல என்ன வெட்கம்? படத்தின் மேலேயே எழுதுங்கள். அடுத்த வீடியோ எடுக்கும் முன், ஏற்கெனவே ஒருமுறை வாங்கியவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, ‘அந்தச் சேலை துவைத்த பிறகு எப்படி இருக்கிறது?’ என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். சாயம் போயிருந்தால் திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். போகாதவர்கள் அடுத்து என்ன வந்திருக்கிறது என்று கேட்பார்கள்.

கேள்வி: கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறேன். ஆடியில் அச்சகம் தூங்குகிறது.
– வாசகர், விருதுநகர்

பதில்: ஆடியில் முகூர்த்தம் இல்லை, திருவிழா இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கிராமங்களில் மாரியம்மனுக்கும் காளியம்மனுக்கும் முளைப்பாரி, கூழ், பொங்கல் என்று வரிசையாக வரும். நோட்டீஸ் வேண்டும், அதற்கும் முன்னால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலிக்க ரசீதுப் புத்தகம் வேண்டும். இந்த ஆர்டரை ஆடியில் தேடினால் கிடைக்காது. ஆனி பிறந்ததும் ஊர்க்கூட்டம் போடுவதற்கு முன் நாட்டாமையைப் போய்ப் பாருங்கள். ஆவணிக் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பதும் அந்த நாட்களில்தான். மண்டப மேலாளரிடம் முன்பணம் கட்டியவர்களின் பெயர் இருக்கும். மாதிரிப் பத்திரிகைகளை ஆல்பமாகக் கட்டி அவர் மேசையில் வையுங்கள், பழைய வடிவங்களைக் கழித்துவிட்டு.