பேஸ் கிதார் மக்கர் பண்ணினால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சர்ச் பாடல் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். ஐந்து கம்பி ஆக்டிவ் பேஸ், வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இரண்டு பாட்டு ஒழுங்காகப் போகிறது, மூன்றாவது பாட்டில் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி உடைந்து கேட்கிறது, அப்புறம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டினால் திரும்ப வருகிறது. கடையில் காட்டினேன். பிக்கப் போய்விட்டது, ஜோடியாக மாற்ற எட்டாயிரம் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா, அண்ணே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: எட்டாயிரத்தைப் பத்திரமாக உள்ளே வையுங்கள், தம்பி. பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவதற்காக, காந்தத்தைச் சுற்றி, தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி வைத்த சமாச்சாரம். அதில் தீர்ந்துபோக எதுவும் இல்லை. அதுவும் இரண்டு பிக்கப்பும் சொல்லி வைத்த மாதிரி மூன்றாவது பாட்டில் சேர்ந்து படுக்குமா? களைத்துப்போவது, ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் தெம்பு வருவது எல்லாம் பேட்டரியின் குணம்.

ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே ஒரு குட்டி பிரீஆம்ப், அதாவது பிக்கப்பின் சத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும் சின்ன சர்க்யூட், இருக்கிறது, அது பெரும்பாலும் ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. 1976-இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே வந்த பிறகு பரவலான பழக்கம் இது. இந்த வகைக் கிதார்களில் பெரும்பாலும் பேட்டரிக்குத் தனி சுவிட்ச் கிடையாது, கேபிள் செருகும் ஜாக்தான் சுவிட்ச். கேபிளைச் செருகினால் ஆன், பிடுங்கினால் ஆஃப். ஞாயிறு ஆராதனை முடிந்து கேபிளோடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுப் போனால் அடுத்த ஞாயிறு வரை அது பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். நீங்கள் அப்படித்தான் விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், ஆனால் பேட்டரியைக் கையில் எடுத்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள். சும்மா கிடக்கும் பேட்டரி ஒன்பது வோல்ட் காட்டும், வேலை கொடுத்ததும் விழுந்துவிடும். கிதாருக்குள் இருக்கிறபடியே, கேபிளைச் செருகி வைத்து அளக்கவும். ஏழு வோல்ட்டுக்குக் கீழே போனால் யோசிக்காமல் மாற்றுங்கள். கிதாரில் ஆக்டிவ்-பாசிவ் சுவிட்ச் இருந்தால் இன்னும் சுலபம்: சத்தம் போன நேரத்தில் பாசிவில், அதாவது பேட்டரியும் பிரீஆம்பும் இல்லாத வழியில், போடுங்கள், சத்தம் வந்துவிட்டால் பிக்கப் நிரபராதி.

புது பேட்டரி போட்டும் அதே கதையா? பேட்டரி மூடியில் இருக்கும் கிளிப்பைப் பாருங்கள், அதன் கறுப்பு ஒயர் அடியிலேயே அறுந்து உறைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. அப்புறம் ஜாக். அதன் நட் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை கேபிள் செருகும்போதும் ஜாக்கே சுற்றும், உள்ளே இருக்கும் ஒயர்கள் முறுக்கிக்கொள்ளும், ஒரு நாள் பற்றுவைத்த இடத்தில் அறும். இன்னொன்று, மிக்சர் பெட்டியிலிருந்து யாராவது ஸ்டீரியோ கேபிளை எடுத்து நீட்டுவார்கள், முனையில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும். அதைச் செருகினால் பிரீஆம்ப் ஆனே ஆகாது. ஒற்றை வளையம் உள்ளதுதான் வேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மெல்லிசைக் கச்சேரிக்கு முந்தின நாள் பேஸ் விட்டு விட்டுக் கேட்கிறது என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து உள்ளே எல்லாப் பற்றையும் புதிதாக வைத்தேன். காலையில் வேறு கேபிள் போட்டதும் எல்லாம் சரி. கேபிளை மாற்றிப் பார்க்காமல் ஸ்குரூ டிரைவரைத் தொடாதே என்று இப்போது கிதார் பெட்டிக்குள் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

கேள்வி: பழைய பிரிசிஷன் மாடல் பேஸ் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. சத்தம் வரவில்லை, உள்ளே என்ன போச்சோ தெரியாது என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: மல்டிமீட்டரும் ஒரு நல்ல கேபிளும் எடுத்துக்கொண்டு போங்கள், எதையும் கழற்றவே வேண்டாம். கேபிளை கிதாரில் செருகி, இரண்டு நாப்பையும் முழுக்கத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் தண்டுக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். பாசிவ் பேஸாக இருந்தால்தான் இது செல்லும்.

பத்து, பதினொன்று கிலோ ஓம் பக்கம் வந்தால் பிக்கப் உயிரோடு இருக்கிறது, விற்பவரின் ஆம்ப்தான் போச்சோ என்னவோ, பேரம் பேசி வாங்கிவிடுங்கள். மீட்டர் அசையவே இல்லை, அதாவது இணைப்பே இல்லை என்று காட்டினால் ஜாக்கில் ஒயர் விட்டிருக்கும், பத்து நிமிட வேலை. பூஜ்யம் என்றால் எங்கோ ஒயரும் எர்த்தும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் பெரிய விஷயமில்லை. 250 கிலோ ஓம் பக்கம் காட்டினால்தான் யோசிக்க வேண்டும். அது வால்யூம் கன்ட்ரோலின் மதிப்பு, அதாவது மீட்டர் கண்ணுக்குப் பிக்கப்பே தெரியவில்லை. பிக்கப்பிலிருந்து வரும் ஒயர் விட்டிருக்கலாம், உள்ளே கம்பி அறுந்தும் இருக்கலாம். 1957-இலிருந்து இந்த மாடலில் பிக்கப் இரண்டு துண்டு, இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை, ஒன்று அறுந்தால் இரண்டுமே ஊமை. அப்போது பிக்கப் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூமும் முழுசாக இருந்தால் அமைதி. ஒன்றைக் குறைத்தால் ‘உம்ம்’ என்று இரைகிறது. எர்த் கோளாறா? (கோவை வாசகர்)

பதில்: இல்லை, அதன் பிறவிக் குணமே அதுதான். இரண்டு பிக்கப்பையும் காந்தமும் சுற்றும் எதிரெதிராக இருக்கும்படி செய்திருப்பார்கள். இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அடித்துவிடும், கம்பியின் சத்தம் மட்டும் கூடும். ஒன்றைக் குறைத்தால் கணக்கு சரியாக வராது. மேடையில் சீரியல் லைட் டிம்மர் பக்கத்தில் நிற்காமல், உடம்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கம்பியைத் தொட்டால் குறைந்து, விட்டால் கூடுகிற ‘கிர்ர்’ சத்தம் வேறு. லேசாக இருந்தால் விட்டுவிடலாம், அதிகமானால் உள்ளே செம்புத்தாள் ஒட்டலாம். தொட்டாலும் குறையவில்லை என்றால் கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் ஒயர் விட்டிருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக் பக்கம் போனால் உதட்டில் சுரீர் என்கிறது. கிதாரைச் சரிபார்க்க வேண்டுமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: கிதாரை விடுங்கள், முதலில் வாசிப்பதை நிறுத்துங்கள். உங்கள் கம்பி ஆம்ப் பெட்டியின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, மைக் மிக்சரோடு. இரண்டில் ஏதோ ஒன்றுக்கு ஒழுங்கான எர்த் இல்லை, நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள். லெஸ் ஹார்வி என்ற ஸ்காட்லாந்து கிதார் கலைஞர் 1972-இல் ஸ்வான்சி நகர மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். பந்தல் மேடையில் ஜெனரேட்டரிலிருந்து இரண்டு ஒயர் மட்டும் இழுத்திருப்பார்கள், இல்லையென்றால் இரைச்சல் குறையட்டும் என்று யாரோ மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த பின்னைப் பிடுங்கியிருப்பார்கள். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, ஆம்பும் மிக்சரும் ஒரே எர்த்துக்கு வந்த பிறகுதான் கம்பியைத் தொட வேண்டும். அதுவரை கச்சேரி காத்திருக்கட்டும்.

கேள்வி: வால்யூம் நாப்பைத் திருப்பினால் கரகர என்றது. தையல் மெஷின் எண்ணெய் விட்டேன், இன்னும் மோசம். (மதுரை வாசகர்)

பதில்: ஆகத்தானே செய்யும்! எண்ணெய் தூசியைக் கூட்டிச் சேர்த்துப் பசையாக்கிவிட்டது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கேளுங்கள், கன்ட்ரோலின் பக்கத்துத் துவாரத்தில் ஒரு தடவை அடித்து நாப்பை இப்படியும் அப்படியும் இருபது முறை சுழற்றுங்கள். போகவில்லையென்றால் புது 250 கே (கிலோ ஓம்) கன்ட்ரோல் போட்டுவிடுங்கள், பெரிய செலவில்லை. உங்களுடையது ஆக்டிவ் என்றால் பெரும்பாலும் 25 கே இருக்கும், பழையதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.