காற்றும் காடும்: வான்ஃபோரே கோஃபு பற்றிக் கேட்டவர்களுக்கு

ஜப்பானில் எந்தக் கால்பந்து அணி பிடிக்கும் என்று கேட்டார்கள். "கோஃபு" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டேன். அதன்பிறகு "அது எங்கே இருக்கு?", "கோப்பை ஏதாவது ஜெயிச்சிருக்கா?" என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கடைசி பெஞ்ச்: பேரே வாயில நுழையலையே அண்ணே. ஜப்பான் பேர் மாதிரியும் தெரியலை.

பிரெஞ்சு தம்பி. "வான்" என்றால் காற்று, "ஃபோரே" என்றால் காடு. ஆனால் விஷயம் பிரான்சில் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் கோஃபு பகுதியை ஆண்டவர் தகேதா ஷிங்கென். சீனப் போர்நூலிலிருந்து நான்கு வரிகளை எடுத்துத் தன் கொடியில் எழுதிக்கொண்டார்: காற்றைப் போல் விரைந்து போ, காட்டைப் போல் அமைதியாக இரு, நெருப்பைப் போல் தாக்கு, மலையைப் போல் அசையாதே. 1993-இல் ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான ஜே லீக் தொடங்கியபோது ஐரோப்பிய மொழிகளில் பெயர் வைப்பதுதான் மோஸ்தர். இவர்களும் 1995-இல் முதல் இரண்டு வரிகளை பிரெஞ்சில் ஒட்டிப் பெயராக்கிக்கொண்டார்கள். சில சீசன்களில் இவர்கள் வாங்கிய கோல்களை எண்ணிப் பார்த்தால், அந்த மலையையும் சேர்த்திருக்கலாம் என்று தோன்றும்.

இரவுக்கழுகு: ஊர் எப்படி?

டோக்கியோவுக்கு மேற்கே யமனாஷி மாகாணம். கோஃபு அதன் தலைநகர். சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணம் போல ஊர். திராட்சைக்கும் ஒயினுக்கும் பேர்போனது. மாகாணம் முழுக்கச் சேர்த்தே சுமார் 8 லட்சம் பேர்தான். ஷின்ஜுகுவிலிருந்து விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரம்தான் சிக்கல். திறமையுள்ள பையன்கள் அதே ரயிலில் ஏறிப் போய்விடுவார்கள். ஜப்பானின் நட்சத்திர ஆட்டக்காரர் ஹிதேதோஷி நகாதா பிறந்தது கோஃபுவில், படித்தது பக்கத்து நிராசாகியில். தொழில்முறை ஆட்டக்காரராக ஆனதோ ஹிராட்சுகா அணியில்.

பத்தாம் நம்பர்: இதுவும் ஏதாவது கம்பெனி டீமா? ஜப்பானில் எல்லாமே அப்படித்தானே?

நல்ல கேள்வி, முழுக் கதைக்கும் சாவி இதில்தான் இருக்கிறது. ஹிரோஷிமா மஸ்தா கம்பெனியின் அணியாக இருந்தது, கஷிவா ஹிடாச்சியின் அணி, கஷிமா சுமிதோமோ மெட்டலின் அணியாக இருந்தது. கோஃபுவுக்கு அப்படி ஒரு முதலாளி இருந்ததே இல்லை. கோஃபு முதலாம் உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஆடிய குழுதான் வேர். அது 1965-இல் "கோஃபு கிளப்" ஆனது. தேசிய லீகின் இரண்டாம் பிரிவு 1972-இல் தொடங்கியபோதே அதில் இடம்பிடித்து, அங்கேயே காலம் தள்ளியது. நஷ்டம் வந்தால் கணக்கை ஈடுகட்டத் தாய் நிறுவனம் கிடையாது.

கணக்குப்பிள்ளை: 2001-இல் மூடப் பார்த்தார்கள் என்று எங்கோ படித்தேன். என்ன ஆச்சு?

இதற்குத்தான் காத்திருந்தேன்.

1999-இல் ஜே லீகின் இரண்டாம் பிரிவான ஜே2 தொடங்கியது. பத்து அணிகளில் கோஃபு பத்தாவது. அடுத்த ஆண்டு பதினொன்றில் பதினொன்றாவது. அந்த 2000 சீசனில் தொடர்ந்து 19 ஆட்டங்களில் தோல்வி. ஆட்டத்துக்குச் சராசரியாக 2,000 பேர்கூட வரவில்லை. கடன் 45 கோடி யென் அளவுக்கு ஏறியிருந்தது. முக்கியப் பங்குதாரர்களான மாகாண அரசு, கோஃபு நகராட்சி, நிராசாகி நகராட்சி, உள்ளூர்ப் பத்திரிகைக் குழுமம் ஆகிய நால்வரும் கூடி மூன்று நிபந்தனை போட்டார்கள்: சராசரிக் கூட்டம் 3,000, ஆதரவாளர் சங்க உறுப்பினர் 5,000, விளம்பர வருமானம் 5 கோடி யென். மூன்றும் நிறைவேறாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

தலைவராக அனுப்பப்பட்டவர் கசுயுகி உன்னோ. அந்தப் பத்திரிகைக் குழுமத்து ஆள். பெரிய ஸ்பான்சர் ஒருவரைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, சின்னச் சின்னக் கடைகளின் படியேறினார். பணம் இல்லை என்றவர்களிடம் பொருளாக, சேவையாகக் கேட்டார். விளம்பரம் ஒட்ட இடம் போதாதபோது, அடிபட்டவரைத் தூக்கிப் போகும் ஸ்ட்ரெச்சரிலும் விளம்பரம் ஏறியது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் யோசியுங்கள், ஆட்டம் நின்றுபோய் அரங்கமே ஒரே இடத்தைப் பார்க்கும் நேரம் அது. அந்த இடத்தை விற்கத் தோன்றியவர் வியாபாரி!

மூன்று நிபந்தனைகளும் நிறைவேறின. வேடிக்கை என்னவென்றால், அந்த 2001-லும் அணி பன்னிரண்டில் பன்னிரண்டாவது. மூன்றாண்டும் கடைசி. ஆட்டத்தில் எதுவுமே தேறாத வருஷத்தில்தான் கிளப் பிழைத்தது. கோஃபு வென்றதிலேயே பெரியது எது என்று என்னைக் கேட்டால், 2022-இல் வென்ற பேரரசர் கோப்பையைவிட இதைத்தான் சொல்வேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கோல்கீப்பர்: ஒரே ஆட்டத்தில் ஒருத்தர் ஆறு கோல் அடித்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2005 டிசம்பர். ஜே2-வில் மூன்றாம் இடம் பிடித்த கோஃபுவும் முதல் பிரிவான ஜே1-இல் 16-ஆம் இடத்துக்குச் சரிந்த கஷிவா ரெய்சோலும், அடுத்த ஆண்டு ஜே1 இடம் யாருக்கு என்று இரண்டு ஆட்டங்கள் மோத வேண்டும். கோஃபுவில் நடந்த முதல் ஆட்டத்தில், முடியப்போகிற நேரத்தில் மைதான விளக்குகள் அணைந்துவிட்டன. எல்லோரும் இருட்டில் காத்திருந்து, விளக்கு வந்தபின் மீதியை ஆடி 2-1 என்று வென்றார்கள். மூன்று நாள் கழித்துக் கஷிவாவின் சொந்த மைதானத்தில் 6-2. ஆறையும் அடித்தவர் பிரேசிலின் பாரே. நாலு வருஷத்துக்கு முன் மூட நினைத்த கிளப் ஜே1-க்குப் போனது.

இரவுக்கழுகு: அங்கேயே நிலைத்தார்களா?

இல்லை. 2007-இல் கீழே, 2010-இல் மேலே, 2011-இல் மறுபடி கீழே. 2012-இல் 24 ஆட்டம் தோற்காமல் ஜே2 சாம்பியன். 2013 முதல் 2017 வரை ஐந்து ஆண்டு ஜே1-இல் தாக்குப்பிடித்தார்கள். பின்னாளில் ஜப்பான் தேசிய அணிக்கு ஆடிய ஜுன்யா இதோ தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கியது அந்தக் காலத்துக் கோஃபுவில்தான். ஒரே சீசனில் கஷிவா அள்ளிக்கொண்டு போய்விட்டது.

பத்தாம் நம்பர்: 2022 பேரரசர் கோப்பை. அதைச் சொல்லுங்கள், இத்தனை நேரம் பொறுத்தேன்.

சரி. எல்லாப் பிரிவு அணிகளும் மோதும் நாக்-அவுட் கோப்பை அது. அந்த ஆண்டு ஜே2-வில் 22 அணிகளில் கோஃபுவுக்கு 18-ஆம் இடம். லீகில் அடி மேல் அடி. கோப்பையில் மட்டும் வேறு அணி போல ஆடினார்கள். சப்போரோ, தோசு, ஃபுகுவோகா, அரையிறுதியில் கஷிமா என்று வரிசையாக ஜே1 அணிகளை வீழ்த்தினார்கள். அக்டோபர் 16, யோகோஹாமாவில் இறுதி ஆட்டம். எதிரே சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா. அதன் கேப்டன் ஷோ சசாகி தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கியதும் கோஃபுவில்தான்!

26-ஆம் நிமிடம் மிட்சுஹிரா கோல். 84-இல் ஹிரோஷிமா சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் களமிறங்கினார் ஹிதேயோமி யமமோட்டோ. வயது 42, 2003-லிருந்து கோஃபுவில் இருப்பவர். முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது பந்து அவர் கையில் பட்டது. பெனால்டி. இருபது வருஷம் உழைத்தவருக்கு இப்படியா என்று வயிறு பிசைந்தது. கோலி கவாதா அதைத் தடுத்தார்.

பிறகு பெனால்டி ஷூட்அவுட். அதிலும் கவாதா ஒன்றைத் தடுத்தார். கோஃபுவின் ஐந்தாவது உதை, அடித்தால் கோப்பை. பந்தை எடுத்து வைத்தவர் அதே யமமோட்டோ. உள்ளே போனது. 5-4.

ஹிரோஷிமாவைப் பாவம் என்று நினைக்க வேண்டாம், ஆறு நாளில் லீக் கோப்பையை வென்று ஆறுதல் தேடிக்கொண்டார்கள். கோஃபு பயிற்சியாளர் யோஷிதாவோ கோப்பை வென்றும் அந்த சீசனோடு வெளியே. லீகில் 18-ஆம் இடம் யாரையும் விடாது.

கடைசி பெஞ்ச்: அப்போ ஆசிய சாம்பியன்ஸ் லீக்? ஜே2 டீம் அங்க போய் என்ன பண்ணுச்சு?

பேரரசர் கோப்பையை வென்றதால் இடம் கிடைத்தது, போய் அசத்தியது. சொந்த மைதானம் 1986 தேசிய விளையாட்டு விழாவுக்குக் கட்டிய தடகள அரங்கம், ஆசியக் கூட்டமைப்பின் விதிகளுக்கு ஒத்துவரவில்லை. அதனால் "சொந்த ஊர்" ஆட்டங்கள் டோக்கியோ தேசிய அரங்கில் நடந்தன. பெரிய அரங்கம், சின்ன கிளப், காலியாகக் கிடக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். பத்தாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். அதிலும் மற்ற ஜப்பானிய அணிகளின் ரசிகர்கள் தங்கள் தங்கள் ஜெர்சியோடு வந்து கோஃபுவுக்குக் குரல் கொடுத்தார்கள். மெல்போர்ன் சிட்டி, சீனாவின் ஜெஜியாங், தாய்லாந்தின் புரிராம் இருந்த பிரிவில் 11 புள்ளியோடு முதலிடம். அடுத்த சுற்றில் கொரியாவின் உல்சான் 3-0, 2-1 என்று முடித்துவைத்தது.

கோல்கீப்பர்: யமமோட்டோ இப்பவும் ஆடுகிறாரா?

இல்லை. 2024 சீசனோடு நிறுத்திக்கொண்டார். வயது 44. கோஃபுவில் மட்டும் 22 சீசன்.