நாலு லட்சம் கொடுத்துச் சிங்கப்பூர் வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டட வேலை, வொர்க் பெர்மிட், நாளுக்கு 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பேசிக், ஓடி (ஓவர்டைம்) தனி. ஏஜென்ட் 4 லட்சம் கேட்கிறார். சாப்பாடு எப்படி, வெயில் எப்படி, என்னென்ன எடுத்து வர வேண்டும், எத்தனை வருடத்தில் வீடு கட்டலாம்?

தம்பி, சாப்பாடு கிடைக்கும். வெயில் நம் ஊர் வெயில்தான், மழைதான் கூடுதல். எடுத்து வர வேண்டியதைப் பெட்டி கட்டும் நாளில் அம்மாவே சொல்லிவிடுவார். வீட்டுக் கணக்கை இப்போது போட வேண்டாம். அந்த 4 லட்சத்தைப் பற்றி மட்டும்தான் நான் பேசப்போகிறேன். அதைப் படித்ததும் எனக்கு 2006 ஞாபகம் வந்துவிட்டது.

நான் அறந்தாங்கிப் பக்கம். சிவில் டிப்ளமோ முடித்திருந்தும் பெர்மிட்டில்தான் வந்தேன். ஏஜென்ட்டுக்கு 1,80,000 ரூபாய். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் பாதி, மீதி ஊரில் கடன், இரண்டுமே மூன்று வட்டிக்கு. ஊரில் சொன்னது நாளுக்கு 22 வெள்ளி. இங்கே வந்து இறங்கிய மூன்றாம் நாள் கையெழுத்து வாங்கிய தாளில் இருந்தது 16. திரும்பிப் போகலாமா என்று யோசிக்கக்கூட வழியில்லை, கடன் அங்கே ஏறிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு வெள்ளி 28 ரூபாய் சொச்சம். மாத வட்டி மட்டும் 5,400 ரூபாய், அதாவது 190 வெள்ளிக்கு மேல். பேசிக் 416 வெள்ளி, ஓடி சேர்த்தால் 560, 570 வரும். சாப்பாடு, போன் கார்டு போக ஊருக்கு அனுப்பியது 420. கடன் அடைய 21 மாதம் ஆனது. என் பெர்மிட் 24 மாதத்துக்கு. வீட்டுக்காக நான் உழைத்தது கடைசி மூன்று மாதம்தான்.

இப்போது உங்கள் கணக்கு. 20 வெள்ளியை 26 நாளால் பெருக்கினால் 520 வெள்ளி. இன்றைய விலையில் 33,000 ரூபாய்க்கு மேல். 4 லட்சத்தையும் மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 12,000 வட்டிக்கே போகும். அசல் அப்படியே நிற்கும். வெள்ளியின் விலை என் காலத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஆனால் பேசிக் 16-லிருந்து 20-க்குத்தான் வந்திருக்கிறது, ஏஜென்ட் காசு 1.8-லிருந்து 4 லட்சத்துக்குப் போயிருக்கிறது. ரூபாய் விழுந்ததில் வந்த லாபத்தை இடையில் நிற்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? சிங்கப்பூர் ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கக்கூடியது ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எவ்வளவு நீண்ட ஒப்பந்தமானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. இந்தியாவில் பதிவு செய்த ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். இரண்டையும் கூட்டினாலும் உங்கள் சம்பளத்துக்கு ஒரு லட்சத்தைச் சுற்றித்தான் வரும். மிச்சம் 3 லட்சம் யாருக்கு? ஊர் சப் ஏஜென்ட், அவருக்கு மேலே ஒருவர், சில நேரம் இங்கே கம்பெனிக்காரரே. வேலை கொடுப்பதற்காக முதலாளி தொழிலாளியிடம் காசு வாங்குவது இங்கே குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. அதனால்தான் எல்லாம் ரொக்கமாக, ரசீது இல்லாமல், நம் ஊரிலேயே முடிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் 18 நாடுகள் ஒரு பட்டியலில் இருக்கின்றன. பத்தாவது முடிக்காதவர்கள் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் புறப்படுவதற்கு முன் அரசு அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், அங்கே ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள். வளைகுடா நாடுகள் இருக்கின்றன, மலேசியா இருக்கிறது. சிங்கப்பூர் அதில் இல்லை. அதனால் இங்கே வருபவனின் தாளை நம் ஊரில் யாரும் பார்ப்பதே இல்லை. திருச்சியில் விமானம் ஏறினால் நேரே இங்கேதான். ஆனால் ஆள் அனுப்பும் ஏஜென்ட் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற விதி சிங்கப்பூருக்கும் உண்டு. உங்கள் ஆளின் உரிம எண்ணைக் கேட்டு இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் ஐபிஏ. பெர்மிட்டுக்குச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு கொடுக்கிற முதற்கட்ட ஒப்புதல் கடிதம். நீங்கள் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அது உங்கள் கையில் இருக்க வேண்டும், தமிழிலும் கிடைக்கும். அதில் பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். அந்த எண்தான் உங்கள் சம்பளம், ஏஜென்ட் வாயில் வந்த எண் அல்ல. உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அதைக் குறைக்க முடியாது. அதனால் வந்த முதல் வாரத்தில் ஏதாவது தாளை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு அன்று இதைச் சொல்ல ஆள் இல்லை. லெவி (வெளிநாட்டு ஆளுக்காக அரசுக்குக் கட்டும் மாதக் கட்டணம்), 5,000 வெள்ளி பாதுகாப்புப் பத்திரம், மருத்துவம், திரும்பிப் போகும் டிக்கெட் எல்லாம் முதலாளி பொறுப்பு. உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

லெவி என்றேனே, அதுதான் இங்கே மேலே ஏறும் படி. கட்டட வேலையில் சாதாரணத் திறனுள்ள நம் நாட்டு ஆளுக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி அரசுக்குக் கட்டுகிறார். ஆர்1 என்று சொல்லும் உயர் திறன் ஆளுக்கு 500 மட்டும். உங்கள் கைக்கு 520 வரும்போது உங்கள் பேரில் 900 போகிறது! நீங்கள் ஆர்1 ஆனால் அவருக்கு மாதம் 400 மிச்சம். சம்பள உயர்வு கேட்க இதைவிடப் பெரிய பிடி வேறு கிடையாது. நாலு வருட அனுபவத்தோடு கூடுதல் தொழிலில் சான்றிதழ் எடுத்தால் அந்த வழி திறக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். அசதி இருக்கும், தெரியும். நானும் லாரியின் பின்னால் உட்கார்ந்து விடியற்காலையில் போய் இரவு ஒன்பதுக்குத் திரும்பியவன்தான். வரைபடம் படிக்கக் கற்றுக்கொண்டேன், சீன ஃபோர்மேனிடம் எண்களும் பொருட்களின் பெயரும் சீனத்தில் கற்றுக்கொண்டேன், இரவு வகுப்பில் ஆங்கிலம். அதனால்தான் பிறகு பெர்மிட்டுக்கு மேல்படியான எஸ் பாஸ் கிடைத்தது, இன்று பிஆர், அதாவது இங்கே நிரந்தரவாசி.

கம்பெனி மாறுவதும் இப்போது முடியும். பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாளுக்குள் முதலாளி சம்மதம் இல்லாமலே இன்னொரு கட்டட நிறுவனம் உங்களை எடுக்கலாம். எங்கள் காலத்தில் பெர்மிட் முடிந்தால் ஊருக்குப் போய் மறுபடி ஏஜென்ட்டிடம் நிற்க வேண்டியிருந்தது. என்னோடு வந்தவர்களில் சிலர் மூன்று தடவை காசு கட்டினார்கள்.

“பெர்மிட் வேண்டாம், எஸ் பாஸ் போட்டுத் தருகிறேன், கூட ரெண்டு லட்சம்” என்று யாராவது சொன்னால் இன்னும் கவனம். எஸ் பாஸுக்குக் குறைந்தது 3,300 வெள்ளி சம்பளம் காட்ட வேண்டும். வங்கியில் 3,300 போட்டுவிட்டு மாதாமாதம் ஆயிரத்துக்கு மேல் ரொக்கமாகத் திருப்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். மாட்டினால் உங்கள் பாஸும் போகும்.

ஒரு விஷயத்தில் நம் ஆட்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. லீவில் ஊருக்குப் போகும்போது சங்கிலி போட்டு, சென்ட் அடித்து, எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். பட்ட கஷ்டத்தை ஒருவரும் சொல்வதில்லை. சிலர் அதோடு நிற்காமல் தலைக்கு இவ்வளவு கமிஷன் என்று சொந்த ஊர்ப் பிள்ளைகளையே பிடித்துக் கொடுக்கிறார்கள். உங்கள் ஏஜென்ட்டை அறிமுகப்படுத்தியது யார் என்று யோசித்துப் பாருங்கள், மாமாவோ பங்காளியோவாக இருக்கும்.

எனக்கு முதல் கம்பெனியில் ஏழு மாத ஓடி முழுதாக வரவில்லை. கேட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார்கள். சம்பளச் சீட்டு என்று ஒன்று இல்லை, அதனால் எவ்வளவு வர வேண்டும் என்றே சொல்லத் தெரியவில்லை. 2016-லிருந்து விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம். வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டால் ஆறு மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். ஆனாலும் நீங்கள் தனியாக ஒரு நோட்டு வையுங்கள். எத்தனை மணிக்கு ஏறினேன், எத்தனை மணிக்கு இறங்கினேன், அவ்வளவு போதும்.

நானும் அதன் பிறகு நோட்டு வைத்தேன். ஞாயிறு மாலை தேக்காவில் (லிட்டில் இந்தியா) போன் கார்டு வாங்கி, பெருமாள் கோவிலுக்கு எதிரே நடைபாதையில் உட்கார்ந்து அந்த வாரக் கணக்கை எழுதுவேன். சுற்றிலும் ஆயிரம் பேர், எல்லோர் காதிலும் போன், எல்லோரும் “நல்லா இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நானும் அம்மாவிடம் அதையேதான் சொன்னேன். 21-ஆம் மாதம் சங்கிலியை மீட்டாச்சு என்று அம்மா சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. கார்டில் காசு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அம்மாதான் போனை வைத்தார்.

தம்பி, ஐபிஏ வந்ததும் அதில் இருக்கும் பேசிக், அலவன்ஸ், பிடித்தம் மூன்றையும் எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஏஜென்ட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள், வீட்டில் நகை எதையும் அடகு வைக்கவும் விடாதீர்கள்.