பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகள் செஸ் புதிரில் முதலில் தோன்றுவதையே நகர்த்தித் தோற்கிறாள். வெற்றி நகர்வை எப்படித் தேடச் சொல்வது?

பலகையை எடுத்து இதை அடுக்குங்கள் (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை).

வெள்ளை: ராஜா ஜி1, ராணி சி4, குதிரை ஜி5, சிப்பாய் எஃப்2, ஜி2, எச்2.
கறுப்பு: ராஜா எச்8, ராணி பி2, யானை ஏ8, சிப்பாய் ஏ7, ஜி7, எச்7.

வெள்ளையின் முறை. பிள்ளைகளின் கை ராணியை இ4-க்குத்தான் கொண்டுபோகும். எச்7-இல் மேட் (ராஜா தப்ப முடியாத தாக்குதல்), ஏ8-இல் யானை, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் கறுப்பு ராணி ஏ1-இல் வந்து செக் வைத்தால் (ராஜாவைத் தாக்கினால்) முடிந்தது கதை. குறுக்கே ராணியைப் போட்டாலும் வெட்டி மேட். சி4-இல் நின்றவரை எஃப்1-ஐக் காத்தது அந்த ராணிதான்.

ஆகவே செக் நகர்வுகளை முதலில் வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். இங்கே மூன்றே மூன்று. ராணி சி8: யானை வெட்டிவிடும். ராணி ஜி8: யானை வெட்டினால் குதிரை எஃப்7-இல் மேட், ஆனால் ராஜாவே வெட்டிவிடுமே! பலரும் இந்த இடத்தில் யோசனையைக் கைவிடுகிறார்கள். கைவிடக் கூடாது. ராஜா வெட்ட முடியாதபடி ஜி8-ஐ யார் காக்க முடியும்? எச்6-இல் குதிரை நின்றால் காக்கும். அங்கே போக வழிதான் மூன்றாவது செக்.

குதிரை எஃப்7 செக், ராஜா ஜி8, வேறு கட்டமில்லை. குதிரை எச்6: குதிரையும் ராணியும் சேர்ந்து இரட்டைச் செக். குதிரையை ஜி7 சிப்பாய் வெட்ட முடியாது, ராணியின் செக் அப்படியே இருக்கும். ராஜா எஃப்8-க்குப் போனால் ராணி எஃப்7 மேட். எச்8-க்குத் திரும்பினால் ராணி ஜி8! இப்போது யானைதான் வெட்டியாக வேண்டும். குதிரை எஃப்7, மேட். ராஜாவைச் சொந்தக் காய்களே அடைத்துவிட்டன.

ஒன்று கவனியுங்கள்: மலாயில் சொல்லித்தரும் பயிற்றுநர் 'காஜா' (மலாயில் யானை) என்றால் அது பிஷப். நம் யானை அவர்களுக்கு 'தீர்'. சிறு பிள்ளைகள் இதில் நிஜமாகவே குழம்புகிறார்கள்.

தினமும் ஐந்து புதிர் போதும். எதிராளியின் பதிலோடு கடைசி நகர்வு வரை தாளில் எழுதிய பிறகே திரையைத் தொடட்டும். நாளைக்கு இதே நிலையில் எச்7 சிப்பாயை எடுத்துவிட்டுக் கொடுங்கள். மேற்சொன்ன வரிசை எந்த நகர்வில் உடைகிறது என்று அவளே சொல்லட்டும்.