வெள்ளை பந்து எங்க போய் நிக்கும்?

கேள்வி: பூல் பில்லியர்ட்ஸ் (குச்சியால வெள்ளை பந்தை அடிச்சு, அது மூலமா மத்த பந்துகளை டேபிள் ஓரத்து குழிகள்ல, அதாவது பாக்கெட்ல, தள்ளற விளையாட்டு) ஆடும்போது பந்தை பாக்கெட்ல போட்டுடறேன், ஆனா வெள்ளை பந்து எங்கயோ போய் மாட்டிக்குது. முன்கூட்டியே மனசுல எப்படி பார்க்கிறது?

பதில்: முதல்ல குறி. போட வேண்டிய பந்துக்குப் பின்னாடி, பாக்கெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம், இன்னொரு பந்து ஒட்டி நிக்கற மாதிரி நினைச்சுக்கோங்க, பந்தோட விட்டம் 57 மில்லிமீட்டர், அதனால அந்த கற்பனை பந்தோட நடுப்புள்ளி நிஜ பந்தோட நடுவுல இருந்து அதே 57 மில்லிமீட்டர் தூரத்துல இருக்கும், வெள்ளை பந்தோட நடு அங்க போய் சேரணும். நிறைய பேர் பந்து தொடற இடத்தையே குறி வெச்சு அடிக்கறாங்க, அதான் தடிமனா, அதாவது வேண்டியதை விட நேராப் பட்டு, மிஸ் ஆகுது.

இப்ப நீங்க கேட்ட விஷயம். மோதற நேரத்துல வெள்ளை பந்து உருளாம வழுக்கிட்டு போனா, மத்த பந்து போற கோட்டுக்கு 90 டிகிரில விலகும். நல்லா உருண்டுட்டே போய் பாதிப் பந்து அளவுக்கு (அடிக்கற திசைல பார்த்தா வெள்ளை மத்த பந்தோட பாதியை மறைக்கற மாதிரி) மோதினா, தான் வந்த வழில இருந்து சுமார் 30 டிகிரி திரும்பும், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வி மாதிரி விரிச்சு டேபிள் மேல வெச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட அந்தக் கோணம்தான். முழுசா நேரா பட்டாலோ ரொம்ப மெலிசா, ஓரத்துல மட்டும் பட்டாலோ இந்தக் கணக்கு சரிவராது.

இதெல்லாம் நின்னுட்டு இருக்கும்போதே முடிவு பண்ணிடுங்க ப்ளீஸ், குனிஞ்சப்புறம் யோசிச்சா கை நடுங்கும். பழகும்போது வெள்ளை நிக்க வேண்டிய இடத்துல ஒரு பேப்பர் துண்டை வெச்சு அடிங்க.