பட்ட மரமும் பச்சைக் கொடியும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஜெர்மனியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். டிரெஸ்டன் நகரின் அரச கருவூலத்தில், முழுக்க அம்பரால் இழைத்த ஓர் அலமாரியைக் கண்டு அசந்துபோனேன். பிறகு வேறோர் ஊரில், ஒரு சிறிய அருங்காட்சியகத்தில், அதே வகையில் ஒரு முழ உயரத்துக்கு ஒரு பெட்டகம். அதன் இழுப்பறைகளில் தீப்பெட்டி அளவுக்குப் படங்கள்: கப்பல், எரியும் இதயம், பட்டுப்போன மரத்தில் ஏறிய கொடி. ஒவ்வொன்றின் மேலும் லத்தீனில் ஏதோ எழுதியிருந்தது. 'எல்லாம் அலங்காரம்' என்று வழிகாட்டி சொல்லிவிட்டு நகர்ந்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கைவினைஞருக்கு இலை செதுக்கத் தெரியும் என்று காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். இருபது முப்பது படங்கள் எடுத்தேன், எல்லாம் கருஞ்சிவப்பாகவே விழுந்தன. நம் ஊரில் பிடிபடும் திமிங்கில அம்பரும் இதுவும் ஒன்றா? தொலைந்துபோன அம்பர் அறை கிடைக்குமா? இத்தனை உழைப்பும் அரசர்களின் ஆடம்பரத்துக்குத்தானே வீணாயிற்று?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் 'பட்டுப்போன மரத்தில் ஏறிய கொடி' என்ற வரியைப் படித்ததும் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வேலை என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

திமிங்கிலம் பற்றி ஒரு வரி. அது வேறு, இது வேறு. இது மரப்பிசின், ஏறக்குறைய நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன் கசிந்து கல்லாக இறுகியது. அரபியில் அன்பர் என்பது திமிங்கிலப் பொருளின் பெயர். இரண்டும் கரையில் ஒதுங்கும், இரண்டும் தீயிலிட்டால் மணக்கும் என்பதால் ஐரோப்பியர்கள் அந்தப் பெயரைப் பிசினுக்கும் சூட்டிவிட்டார்கள்.

அம்பர் அறை பற்றியும் அதிகம் சொல்ல மாட்டேன். சுவரெல்லாம் அம்பர் இழைத்த அந்த அறை ரஷ்ய அரண்மனை ஒன்றில் இருந்தது. 1941-இல் ஜெர்மானியப் படை அதைப் பெயர்த்துக் கோனிக்ஸ்பெர்க்குக்கு, இன்றைய ரஷ்யாவின் கலினின்கிராடுக்கு, கொண்டுபோனது. 1945-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. ரஷ்யர்கள் அதைப் புதிதாகச் செய்து 2003-இல் முடித்தார்கள். எனக்கு எழுதும் பத்துப் பேரில் ஒன்பது பேர் காணாமல் போன அந்த அறையைத்தான் கேட்கிறார்கள். கண்ணெதிரே, ஒரு முழ தூரத்தில் நின்ற பெட்டகத்தில் ஒரு படத்தையாவது முழுதாகப் பார்த்தீர்களா? முப்பது புகைப்படம் எடுத்தவருக்கு அந்த லத்தீன் சொற்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ள நேரமில்லையா? கோபமாகத்தான் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடம்பரம் என்றீர்கள். பாதி சரி. டிரெஸ்டனில் நீங்கள் பார்த்த அலமாரி கோனிக்ஸ்பெர்க்கில் செய்தது. பிரஷ்ய அரசர் முதலாம் பிரெடரிக் வில்லியம் 1728-இல் சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டசுக்கு அதைப் பரிசளித்தார். 1716-இல் அம்பர் அறையை ரஷ்ய மன்னர் மகா பீட்டருக்குக் கொடுத்தவரும் அவரேதான். கடும் சிக்கனக்காரர் என்று பெயரெடுத்தவர் ஏன் இப்படி வாரி வழங்கினார்? பிரஷ்யக் கடற்கரையில் ஒதுங்கும் அம்பர் முழுதும் ஆட்சியாளரின் சொத்து. அவருக்கு அது கரையில் கிடக்கும் பொருள், மற்ற அரசர்களுக்கோ எளிதில் கிட்டாதது. அலையில் இறங்கி வலைபோட்டு அள்ளிய மீனவர் ஒரு துண்டைக்கூட மடியில் முடிந்துகொள்ள முடியாது. திருட மாட்டோம் என்று சத்தியம் வாங்கினார்கள், கரையில் தூக்குமரம் நட்டார்கள், கொண்டுவந்து கொடுத்ததற்கு உப்பைக் கூலியாக அளந்தார்கள். உங்கள் கோபத்தை அந்தத் தூக்குமரத்தின் மேல் காட்டுங்கள், நானும் கூட நிற்கிறேன். இழுப்பறையில் படம் செதுக்கியவன்மேல் காட்டாதீர்கள்.

அவன் செய்த வேலையைச் சொல்கிறேன். டான்சிக்கில், இன்றைய கதான்ஸ்க்கில், அம்பர் வேலைக்காரர்களின் சங்கம் 1477-இல் அமைந்தது. கோனிக்ஸ்பெர்க்கில் 1641-இல். தொடக்கத்தில் செபமாலை மணிகள்தான் பெரும்பாலும் செய்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில், மரத்தால் ஒரு கூடு செய்து, அதன்மேல் அம்பர் வில்லைகளைப் பசையால் ஒட்டும் முறை பெருகியது. சிறு துண்டுகளைக் கொண்டே பெரிய பெட்டகம் செய்துவிடலாம். ஆனால் மரம் பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரியும், அம்பர் அதனோடு அசைந்துகொடுக்காது. பசை விடும், வில்லை உதிரும். நீங்கள் பார்த்ததிலும் இரண்டு மூன்று இடங்கள் மூளியாக இருந்திருக்கும்.

படங்கள் இருக்கும் வில்லைகள் கண்ணாடிபோல் தெளிந்தவை. கலங்கிய அம்பரை எண்ணெயிலிட்டு மெல்லச் சூடேற்றித் தெளியவைக்கும் வித்தை அவர்களுக்குத் தெரியும். கோனிக்ஸ்பெர்க்கில் கிறிஸ்டியன் போர்ஷின் என்பவர் 1691 வாக்கில் அம்பரிலேயே மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்திருக்கிறார். அப்படித் தெளிந்த வில்லையின் அடிப்புறத்தில், இடம் வலம் மாற்றி, படத்தையும் எழுத்தையும் கீறுவார்கள். அதற்கும் அடியில் பளபளக்கும் உலோகத் தாளை வைப்பார்கள். மேலிருந்து விழும் ஒளி உள்ளே போய், தாளில் பட்டு, கீறல்களுக்கு இடையே திரும்பி வரும். அந்த ஒளியில்தான் படம் எழும்பும். உங்கள் படங்கள் சிவந்துபோனதில் கேமராவின் குற்றம் எதுவுமில்லை. இந்த வில்லைகள் முந்நூறு ஆண்டுக்கு முன் எலுமிச்சை மஞ்சளிலும் தேன் நிறத்திலும் இருந்தவை. காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டு மேல்தோல் சிவந்து நுண்ணிய வெடிப்புகள் ஓடிவிட்டன. படம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே மூழ்கிக்கொண்டிருக்கிறது.

இதை எனக்குக் காட்டித் தந்தவர் என் நண்பர். பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்தவர். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பனிக்காலத்தில் இருவரும் கதான்ஸ்க் போனோம். அப்போது அம்பர் அருங்காட்சியகம் பழைய சிறைக் கோபுரத்தில் இருந்தது, சித்திரவதைக் கூடமாக இருந்த கட்டடம். ஒரு சிறு பேழையின் முன் நின்று, 'இருட்டாக இருக்கிறது' என்று சொல்லி நகரப் பார்த்தேன். அவர் என் தோளை அழுத்திக் குனியவைத்தார். 'நின்று பார்த்தால் உன் நிழல்தான் தெரியும். குனிந்து, பக்கவாட்டில் பார்' என்றார். முழங்காலை மடித்துத் தலையைச் சாய்த்தேன். ஒரு நொடியில் கப்பல் ஒன்று பாய் விரித்துப் பொன்னாக எழுந்தது. தலையை இம்மி அசைத்தால் மறைந்தது. காவலுக்கு இருந்த அம்மாள் எங்களை அதட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரும் அருகில் வந்து குனிந்தார்.

அந்த நண்பர் இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அவருடைய குறிப்பேடுகள் நாற்பதுக்கு மேல் என் மேசையில் இருக்கின்றன. அவற்றைப் படித்துத் தொகுப்பதுதான் நான் கீழே வைத்த வேலை.

இனி உங்கள் பட்ட மரம். இந்தப் படங்களை எம்பிளம் என்பார்கள். மிலானைச் சேர்ந்த ஆண்ட்ரியா அல்சியாட்டோ என்னும் சட்ட அறிஞரின் நூல் 1531-இல் ஆக்ஸ்பர்க்கில் அச்சாகி இந்த வடிவத்தைத் தொடங்கிவைத்தது. அடுத்த இருநூறு ஆண்டுகள் ஐரோப்பாவே இதில் கிடந்தது. எம்பிளத்துக்கு மூன்று உறுப்புகள்: மேலே ஒரு சிறு வாசகம், நடுவே படம், கீழே ஒரு செய்யுள். வாசகத்தைப் படித்தால் படம் புதிராகும், செய்யுளைப் படித்தால் புதிர் அவிழும். பேழை செய்தவனுக்குத் தீப்பெட்டி அளவு இடம்தான். வாசகத்தையும் படத்தையும் வைத்துக்கொண்டு செய்யுளை விட்டுவிட்டான். பார்க்கிறவர் அதை நினைவிலிருந்து சொல்ல வேண்டும், அல்லது தானே கட்ட வேண்டும். விருந்து முடிந்து இழுப்பறையைத் திறந்து நாலு பேர் கூடிப் பேச வேண்டும். வழிகாட்டி 'அலங்காரம்' என்று சொன்னபோது, அந்த மூன்றாம் உறுப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டுவிட்டார். நீங்களும் கூடச் சேர்ந்துவிட்டீர்கள்.

அல்சியாட்டோவின் நூலில் அந்த மரம் இருக்கிறது. எல்ம் மரம். இத்தாலியில் திராட்சைக்குப் பந்தல் போடாமல் எல்ம் மரத்தில் ஏற்றிவிடும் வழக்கம் ரோமர் காலத்திலிருந்தே உண்டு. கொடிக்கும் மரத்துக்கும் திருமணம் என்றே அதைச் சொல்வார்கள். படத்தின் தலைப்பு: சாவுக்குப் பின்னும் நீடிக்கும் நட்பு. செய்யுளின் கருத்து இது: மூப்பில் காய்ந்து இலையுதிர்ந்த மரத்தைத் திராட்சை தன் பசுங்கூந்தலால் தழுவியிருக்கிறது. தன்னை வளர்த்த மரத்துக்குப் பட்ட கடனைத் திருப்பித் தருகிறது. கடைசி நாளும் பிரிக்க முடியாத நண்பரைத் தேடிக்கொள்.

இதற்கு முன்னோடி ஒரு கிரேக்கக் கவிதை. அங்கே பட்ட மரம் தானே பேசும்: ஒருகாலத்தில் என் கிளையில் பழக்குலைகளைத் தாங்கினேன், இன்று எனதல்லாத இலைகளை உடுத்தி நிற்கிறேன். ஆனால் அந்தக் கவிதை கேட்பது, செத்த பிறகும் நன்றி மறவாத ஒரு காதலியை. அல்சியாட்டோ காதலியை எடுத்துவிட்டு நண்பனை வைத்தார். நமக்குக் கொழுகொம்பு தேடும் கொடி தெரியும், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைத் தெரியும். நம் கதையில் கொடி பெற்றுக்கொள்கிறது, அந்த இழுப்பறையில் கொடி திருப்பிக் கொடுக்கிறது. நம்மிடம் இல்லாத அந்தப் பாதியைத்தான் 'இலை செதுக்கத் தெரியும் என்று காட்டியிருக்கிறார்' என்று எழுதினீர்கள்.

மிகவும் திட்டிவிட்டேன். ஆனாலும் பாருங்கள், முப்பது படங்களில் அந்த மரம் உங்கள் நினைவில் தங்கியிருக்கிறது. வழிகாட்டி நகர்ந்த பிறகும் உங்கள் கண் அங்கே ஒரு கணம் நின்றிருக்கிறது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மகள் அங்கேதான் இருக்கிறார் என்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அந்தச் சிறிய அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். கேமரா வேண்டாம், பென்சிலும் தாளும் போதும். முழங்காலை மடித்து, தலையைச் சாய்த்து, மரத்துக்கு மேலே இருக்கும் வாசகத்தை எழுத்தெழுத்தாக எழுதிவரச் சொல்லுங்கள். பொருள் தெரிய வேண்டியதில்லை. எனக்கு அனுப்பிவையுங்கள், என் நண்பருடைய குறிப்பேட்டில் கதான்ஸ்க் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது.