மூன்று கதைகள், ஒரு தோப்பு

கேள்வி: மாந்தோப்புக் குடும்பம் ஒன்றைப் பற்றி நாவல் எழுதுகிறேன். தந்தையின் கடன், பெங்களூருக்கு வேலைக்குப் போன மகள், தோப்போரத்து நடுகல் ஆகிய மூன்றும் தனித்தனிக் கதைகளாகவே நிற்கின்றன. எப்படி இணைப்பது?
– வாசகி, போச்சம்பள்ளி

பதில்: வலிந்து முடிச்சுப் போடாதீர்கள், மூன்றையும் ஒருசேர அசைக்கும் ஒரு சிக்கலைத் தேடுங்கள். தோப்பை விற்பதா என்ற பேச்சு எழட்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு வந்த திருத்தத்தால் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்குண்டு என்பதால், விற்கத் துடிக்கும் தந்தை அவளுடைய கையெழுத்துக்காகக் காத்திருக்க நேரும். ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு நட்ட கல் அது என்றால், அவன் எதைக் காக்க உயிர்விட்டான் என்பது தந்தையையும் உறுத்தத் தொடங்கும். இந்தக் கல்தான் உங்கள் கதையின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை வெறும் பின்னணியாக விட்டுவிடாதீர்கள்.

தை மாதப் பூவில் தொடங்கி, மாங்கூழ் ஆலைக்கு லாரி ஏறும் ஆனி வரை மாதவாரியாக நிகழ்ச்சிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் அது எந்தெந்தக் கதையை நகர்த்துகிறது என்று குறியுங்கள். ஒன்றை மட்டுமே நகர்த்தும் அத்தியாயத்தை அடுத்ததோடு சேர்த்துவிடலாம்.